உப்பளத்துச் சிவப்பு

அன்புள்ள ஐயா,

நான் தூத்துக்குடிக்காரி. எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இறுதியாண்டு. ஆய்வகத்தில் சேர 83 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள், அதுவும் இடமில்லை என்று. 15,000 ரூபாய் கட்டினால் ஒரு தனியார் மையத்தில் ப்ராஜெக்ட்டும் சான்றிதழும் தருகிறார்களாம். சேரலாமா? என் ஆங்கிலம் சுமார்தான். அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். பாத்தித் தண்ணீர் சிவந்தால் உப்பு விளையப் போகிறது என்பார். அதைக் கேட்டு வளர்ந்துதான் இந்தப் பாடத்தை எடுத்தேன். அனுப்பிய மெயிலை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

கட்டாதீர்கள். அது உங்கள் அம்மா வெயிலில் நின்று சம்பாதித்த பணம். ஆங்கிலத்தைப் பற்றிய கவலையை விடுங்கள்.

மெயிலைப் படித்ததும் கோபம் வந்தது. ஈயை ஆராய்பவருக்கும் நெல்லை ஆராய்பவருக்கும் ஒரே மெயில். ‘தங்கள் மேலான ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு.’ எந்த ஆய்வில்? 83 பேரில் ஒருவருடைய கட்டுரையையாவது முழுதாகப் படித்தீர்களா? எனக்கு எழுதிய அந்தச் சிவப்பு, அதில் ஒரு வரியாகக்கூட இல்லையே! அதை ஏன் ஒளித்தீர்கள்?

அம்மா சொல்வது உயிரியல். உவர்ப்பு ஏற ஏற மற்ற உயிர்கள் விலக, டூனலியெல்லா என்னும் பாசியும், பாக்டீரியா போலவே தெரியும் ஆனால் வேறு இனமான, உப்பில் வாழும் ஆர்க்கியாக்களும் பெருகுகின்றன. அவற்றின் நிறமிகள்தான் தண்ணீரைச் சிவக்க வைக்கின்றன. அந்த ஆர்க்கியாக்களில் ஒன்றான ஹாலோபாக்டீரியத்தின் சவ்வில், ஒளியைப் பிடித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. பாக்டீரியோரொடாப்சின். 1971-ல் அதைப் பற்றி எழுதினார்கள். உங்கள் வீட்டுப் பக்கத்துத் தண்ணீர்!

நான் மாணவனாக இருந்தபோது ஒரு பேராசிரியருக்கு இன்லண்ட் லெட்டரில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈக்கள் கோடையில் சிறுத்துத் தெரிகின்றனவே, ஏன்? வரச் சொன்னார். இரண்டு மாதம் ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சினேன்: மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அப்புறம் கன்னி ஈ பிரிக்கும் வேலை. கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈயை எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் ஈயோடு இணைந்துவிடும்; பிறகு குஞ்சுகளின் தகப்பன் எது என்று சொல்ல முடியாது, சோதனை கெட்டுவிடும். ஒரு நாள் தூங்கிவிட்டேன். தாமதமாகப் போனவன், பயத்தில் ஒன்றும் சொல்லாமல் அந்த ஈக்களையும் கன்னி ஈக்கள் இருந்த குழாயில் போட்டுவிட்டேன். பிஎச்.டி. செய்துகொண்டிருந்த அக்காவின் ஒன்றரை மாத உழைப்பு போயிற்று. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்து, மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். 15,000 ரூபாய்க்கு அந்த அக்கா கிடைக்க மாட்டார்.

பதில் வராததற்கு இன்னொரு காரணம் பணம். திட்ட நிதி இல்லாத ஆய்வகத்தில் சம்பளத்துக்கு ஆள் எடுக்க முடியாது. மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் அமைப்பின் நெட் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் உதவித்தொகை உங்களோடு வரும். 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய். அதற்கும் படியுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: உப்பில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்பவர்கள் யார் என்று தேடி, ஐந்து பேரின் கட்டுரைகளைப் படியுங்கள். அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தப் பாத்தி முதலில் சிவக்கிறது, எந்த மாதம், மழை பெய்தால் என்ன ஆகிறது? அத்தனையையும் எழுதி எனக்கு அனுப்புங்கள், தமிழிலேயே. ஆங்கிலத்தில் மாற்ற நான் உதவுகிறேன்.