ஏரிப் புறம்போக்கில் ஆலைக்கழிவு: மண் அடித்து மூடினால் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர் ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஏரிப் புறம்போக்கின் ஓரத்தில் ஒரு ரசாயன ஆலை பல ஆண்டுகளுக்கு முன் கழிவைக் கொட்டியது. ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது. சென்ற மழைக்காலத்திலிருந்து அந்த இடத்தில் மஞ்சளாகத் தண்ணீர் ஊறுகிறது. அதைக் குடித்த என் ஆடுகள் மூன்று செத்துவிட்டன. தாசில்தார் அலுவலகத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள். வாரியத்தில் கேட்டால் அது வருவாய்த்துறை நிலம் என்கிறார்கள். ஊராட்சி அங்கே கிராவல் அடித்து மூடி, மரக்கன்று நடப்போகிறது. நான் என்ன செய்வது?

பதில்: கிராவல் லாரி வருவதற்கு முன் அந்த வேலையை நிறுத்தப் பாருங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் சொல்லும் மஞ்சள் நிறம், தண்ணீரில் எளிதில் கரையும் ஆறிணைதிற குரோமியம் (ஹெக்ஸாவேலன்ட் குரோமியம்) என்ற நச்சுப் பொருளாக இருக்கலாம். மேலே மண் போட்டாலும் அது அடியில் நிலத்தடி நீரோடு நகர்ந்து கிணறுகளுக்குப் போகும். கூடவே உங்கள் சாட்சியமும் புதைந்துவிடும். கழிவை அகற்றாமல் மூடக்கூடாது என்று மாவட்ட ஆட்சியருக்கு இன்றே எழுதுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் நகல் அனுப்பி, ஒப்புகைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாக நிறைவேற்ற முடிந்தால் உங்கள் கை மிகவும் பலப்படும்.

இரண்டு அலுவலகங்களும் உங்களை அலைக்கழித்தது தவறு. மாசடைந்த இடங்களை மேலாள்வதற்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. அவற்றின்படி, மாசடைந்ததாகச் சந்தேகிக்கப்படும் இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டியது மாவட்ட நிர்வாகம். அந்த இடங்களை ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டியது வாரியம். மாசு உறுதியானால் ஆட்கள் நுழையாமல் தடுக்க வேண்டும், சீரமைப்புத் திட்டம் வகுக்க வேண்டும், காரணமானவரைக் கண்டறிந்து செலவை வசூலிக்க வேண்டும். இந்த விதிகளைச் சுட்டி, உங்கள் புல எண்ணைப் பட்டியலில் சேர்க்கும்படி மனுவிலேயே கேளுங்கள்.

ஆலை மூடிவிட்டதே, யாரிடம் வசூலிப்பது என்று மனம் தளர வேண்டாம். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்கள் மாவட்டத்துக்கே உரியது: மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன சுற்றுச்சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும். அதே ஆண்டு, ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து வழக்கில், மூடப்பட்ட ரசாயன ஆலைகளின் நிலத்தையும் இயந்திரங்களையும் சீரமைப்புச் செலவுக்காக ஜப்தி செய்ய உத்தரவிட்டது. எனவே அந்த ஆலை நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அது கைமாறிக்கொண்டிருந்தால் அவசரம் இன்னும் கூடுகிறது; வசூலிக்க மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த நிலம்தான். நிதி இல்லை என்ற பதிலையும் ஏற்காதீர்கள். பொதுச் சுகாதாரக் கடமைக்குப் பணமில்லை என்று உள்ளாட்சி கைவிரிக்க முடியாது என்று 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது.

வழக்குக்குச் சரியான இடம் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. காலக்கெடுவில் கவனம் தேவை. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில், சுற்றுச்சூழல் தகராறுகளுக்கான 14ஆம் பிரிவில் ஆறு மாதம்தான் அவகாசம். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்கும் 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுகள். இரண்டுமே வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். கழிவு பழையது என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். ஊற்று வெளிப்பட்டது சென்ற மழைக்காலத்தில்தான் என்பதையும், மாசு இன்றும் தொடர்கிறது என்பதையும் மனுவில் தேதியோடு எழுதுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

சாட்சியமாக, அந்தப் புல எண்ணுக்கு 'அ' பதிவேட்டு நகலும் புலப்படமும் வாங்குங்கள். அரசு நிலம் என்பது அதிலேயே தெரியும். மழைக்குப் பிறகு வெயில் ஏறும்போது மண்மேல் மஞ்சள் பொருக்கு படிகிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஊற்று நீரையும் அருகிலுள்ள கிணற்று நீரையும் சோதிக்கச் செய்யுங்கள். மாதிரி எடுக்கும் முறையை ஆய்வகத்திடமே கேட்டு, குளிரில் வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும்; தாமதமானால் ஆறிணைதிற குரோமியத்தின் அளவு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்களே எடுத்த மாதிரியை வைத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் யாரையும் தண்டிக்க முடியாது. ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தைச் சாட்சியச் சட்டத்தின் விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே உங்கள் அறிக்கை போதிய தொடக்கம். அதைக் காட்டி, ஆட்சியரும் வாரியமும் சேர்ந்த கூட்டுக் குழு நேரில் ஆய்வு செய்யக் கோருங்கள்.

ஆடுகளுக்கான இழப்பீட்டை அதே மனுவில் தனிக் கோரிக்கையாகச் சேர்க்கலாம். கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று இருந்தால் நல்லது. இல்லையென்றால், இறந்த தேதிகளைக் குறிப்பிட்டு நீங்களும் நேரில் பார்த்தவர்களும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுங்கள். இனி ஏதேனும் கால்நடை இறந்தால், புதைப்பதற்கு முன் மருத்துவரை வரவழையுங்கள்.