ஸ்ட்ராங்கின் எண்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சொல்லடைவுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஸ்ட்ராங்கின் கன்கார்டன்ஸை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அது கொஞ்சம் மனத்தாங்கல்தான். என் தாத்தா நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியாராக இருந்தவர். அவர் விட்டுப்போன சொத்து ஒரு மர பீரோவும் அதற்குள் இருந்த அந்தப் புத்தகமும்தான். இப்போது அட்டை தனியாக, புத்தகம் தனியாகக் கிடக்கிறது.

எங்கள் ஐக்கியத்துக்கு வரும் இளம் போதகர் எபிரேய, கிரேக்க மூலச் சொற்களுக்கு அந்தப் புத்தகம் போட்ட ஸ்ட்ராங் எண்ணைச் செல்போனில் தட்டிப் பார்த்துத்தான் பிரசங்கம் செய்கிறார். “கிரேக்கம் 26, அகாப்பே. இது மனுஷ அன்பு கிடையாது, தெய்வீக அன்பு மட்டும்தான்” என்கிறார். எண்ணோடு சேர்த்துச் சொன்னால் யாருக்கும் மறுத்துப் பேச வாய் வருவதில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகளோ, “அந்த ஆள் ஒரு இவாஞ்சலிக்கல், வேதாகமமே கடைசி வார்த்தை என்கிறவர். தன்னுடைய நம்பிக்கையையே அகராதி ஆக்கியிருப்பார்” என்கிறாள். யார் இந்த ஸ்ட்ராங்? எவ்வளவு தூரம் அவரை நம்பலாம்? தாத்தாவின் புத்தகத்தை பைண்டிங் செய்து வைத்துக்கொள்ளவா, இல்லை செயலியே போதுமா?

ஸ்டீபன்,
பாளையங்கோட்டை

அன்புள்ள ஸ்டீபன்,

ஒரு வரியில் தாண்டியது என் தப்புதான். அந்தப் புத்தகத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தாண்டியிருப்பேன்.

பல வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதன் மறுபதிப்பு ஒன்று கிடைத்தது. தலையணை கனம். வாங்குவதற்கு முன் பக்கங்கள் சரியாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். பின்பகுதியில் கிரேக்க அகராதி. எண்கள் வரிசையாக வருகின்றன: 3200, 3201, 3202. அடுத்தது 3303! நூறு சொற்களைக் காணோம். “ஒரு பாரம், சேர்த்துத் தைத்த பக்கக் கட்டு, அப்படியே கழன்று போயிருக்கிறது, பாதி விலைக்குத்தான் எடுப்பேன்” என்று கடைக்காரரிடம் அரை மணி நேரம் வாதாடினேன். அவரும் சலித்துப்போய்க் குறைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் ஒரு பக்கமும் குறையவில்லை. அந்த நூறு எண்களும் எந்தப் பிரதியிலும் கிடையாது. வேலை நடக்கும்போதே எண்வரிசையை மாற்றியதில் 3203 முதல் 3302 வரை சொல் இல்லாமலே விடுபட்டுப் போயின. அதற்கு முன்னால் 2717ம் அப்படித்தான். கிரேக்க எண்கள் 5624 வரை ஓடும். ஆனால் உள்ளே இருக்கும் சொற்கள் 5523தான்.

இதில் வேடிக்கை, பள்ளத்துக்கு முன்னால் கடைசியாக நிற்கும் அந்த 3202 என்ன சொல் என்பது. ‘மெம்ப்சிமொய்ரொஸ்’, அதாவது எதற்கும் குறைசொல்கிறவன். புதிய ஏற்பாட்டின் யூதா நிருபத்தில் வரும். நம் தமிழ் வேதாகமத்தில் “தங்கள் நிலைமையைக்குறித்து முறையிடுகிறவர்களும்” என்று இருக்கும். அன்றைக்கு அந்தக் கடையில் நான் செய்ததும் அதுதான்.

இனி ஆளைப் பற்றி. ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1822இல் நியூயார்க்கில் பிறந்தார். 1844இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பட்டம். மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவைச் சேர்ந்தவர். கடைசிவரை குருப்பட்டம் பெறாத சாதாரணச் சபையார். லாங் ஐலண்டில் ஃப்ளஷிங் என்ற ஊரில் குடியிருந்தபோது அங்கே மேயராக இருந்திருக்கிறார், ஒரு ரயில் பாதை போட்டு அந்தக் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்திருக்கிறார். எபிரேயச் சொற்களுக்கு எண் போட்டவர் ரயில் கம்பெனி நடத்தியவர் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நேரம். அந்தப் புத்தி இல்லாமல் இந்த வேலை நடக்காது.

1868இல் நியூ ஜெர்சியில் ட்ரூ இறையியல் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார், கடைசிவரை அங்கேதான். 1874இல் எகிப்தும் பாலஸ்தீனமும் போய்வந்தார். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக்கூடாரத்தைப் பற்றிப் படங்களோடு ஒரு தனி நூல் எழுதியிருக்கிறார். கன்கார்டன்ஸ் புகழில் மறைந்துபோன இன்னொரு பெரிய வேலை, ஜான் மெக்ளின்டாக்கோடு சேர்ந்து தொகுத்த வேதாகம, இறையியல், திருச்சபைக் கலைக்களஞ்சியம். 1867இல் முதல் தொகுதி. 1870இல் மெக்ளின்டாக் இறந்துபோனார். மீதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு 1881க்குள் பத்துத் தொகுதிகளை முடித்தார். அதற்குப் பிறகும் விடவில்லை, பிற்சேர்க்கையாக இன்னும் இரண்டு. இந்த வேலைகளுக்கு நடுவேதான் கன்கார்டன்ஸ் வளர்ந்தது. மொத்தம் 35 வருஷம், உதவிக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். 1890இல் வெளிவந்தது. 1894இல் அவர் காலமானார். முப்பத்தைந்து வருஷ உழைப்பின் பலனை நான்கு வருஷம்தான் கண்ணால் பார்த்தார்.

அவருக்கு முன்னாலும் ஆட்கள் இருந்தார்கள். 1737இல் லண்டனில் அலெக்சாண்டர் க்ரூடன் தனியொரு ஆளாக ஒரு கன்கார்டன்ஸைத் தொகுத்து கரோலின் ராணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். வெகுமதி வருவதற்குள், இரண்டு வாரம் சொச்சத்தில் ராணி இறந்துவிட்டார். அடுத்த வருஷம் க்ரூடனைப் பைத்தியக்கார விடுதியில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள், அவர் தப்பி வந்தார். அந்த மனிதரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1879இல் எடின்பரோவின் ராபர்ட் யங் இன்னொன்றை வெளியிட்டார். அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், 1856 முதல் 1861 வரை நம் சூரத்தில் மிஷன் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஸ்ட்ராங் பிறந்த அதே 1822இல் பிறந்தவர் என்பதை யாராவது ஜோதிடர்கள்தான் விளக்க வேண்டும்.

ஸ்ட்ராங் புதிதாகச் செய்தது என்ன? ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில வேதாகமத்தில் சுமார் 7,80,000 சொற்கள். அதில் ஒன்றைக்கூட விடாமல், எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று அடுக்கினார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு எண் போட்டார். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலத்தில் நிற்கும் எபிரேய அல்லது கிரேக்கச் சொல்லின் எண் அது. தாத்தாவின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நேராக நிற்கும் எண் எபிரேயம், சாய்ந்து நிற்கும் எண் கிரேக்கம். எபிரேயத்தில் 8674 வரை. எபிரேய, கிரேக்க எழுத்துக்கூட அறியாத ஒருவர், எண்ணைப் பிடித்துக்கொண்டே மூலச் சொல்லுக்குப் போய்விடலாம். உங்கள் தாத்தா மாதிரி ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசியுங்கள்.

தவறு நடப்பது இங்கேதான். புத்தகத்தின் முன்பகுதி ஆயிரத்துச் சொச்சம் பக்கம், அது சொல்லடைவு. பின்னால் ஒட்டியிருக்கும் அகராதி மெலிந்தது. செயலிகள் முன்பகுதியை மறைத்துவிட்டுப் பின்பகுதியை மட்டும் நம் கையில் கொடுக்கின்றன. எண் என்பது கதவிலக்கம், ஸ்டீபன். பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் யார் இருக்கிறார், எப்படிப்பட்டவர் என்று தெரிய அந்தத் தெருவில் கொஞ்ச நாள் நடமாட வேண்டும். அந்த நடமாட்டத்துக்குத்தான் முன்பகுதி.

உங்கள் போதகரின் அகாப்பேக்கு வருவோம். 26ஆம் எண்ணில் ஸ்ட்ராங் எழுதியிருப்பது அன்பு, பாசம், நல்லெண்ணம், பிறகு அன்பின் விருந்து. ‘தெய்வீகம்’ என்ற பேச்சே அங்கே இல்லை. ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. 5368, ‘ஃபிலேயோ’ என்ற வினைச்சொல்லுக்குப் போனால், அங்கே அவர் கொஞ்சம் வாயை விட்டிருக்கிறார். ஃபிலேயோ என்றால் உணர்ச்சியால் வரும் பாசம், 25ஆம் எண்ணான ‘அகபாவோ’ அதைவிட விரிந்தது, அதில் மனத்தின் தீர்மானமும் கடமையும் உண்டு என்று அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம். எண்ணிக்கொண்டிருந்தவர் சற்றுநேரம் பிரசங்கியாராகிவிட்டார். பின்னால் வந்த பிரசங்கங்கள் அந்த அடைப்புக்குறியை இன்னும் ஊதிப் பெரிதாக்கின.

சரி, அவர் சொன்னது நிற்குமா? அவருடைய புத்தகத்தை வைத்தே பார்க்கலாம். முன்பகுதியில் ‘லவ்’ என்ற தலைப்பைத் திறந்து மத்தேயு 23:6க்கு விரலை வையுங்கள். பரிசேயர் ஜெப ஆலயங்களில் முதன்மையான இருக்கைகளை விரும்புகிறார்கள் என்று இயேசு சாடும் இடம். ஓரத்தில் 5368. விரலைக் கீழே இறக்கி லூக்கா 11:43க்கு வாருங்கள். அதே பரிசேயர், அதே இருக்கை, அதே ஆசை. எண் 25. முன்வரிசையில் உட்காரத் துடிப்பதிலும் அந்த ‘தெய்வீக’ வினைச்சொல்தான் இருக்கிறது! பக்கத்தில் யோவான் 3:19, மனுஷர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள். அதுவும் 25. பிதா குமாரனை நேசிக்கிறார் என்பது யோவான் 3:35இல் 25, 5:20இல் 5368. ஒரு மணி நேர வேலை. பின்பக்கம் சொன்ன விளக்கத்தை முன்பக்கமே தாங்கவில்லை. இதைச் செய்துபார்க்கும் கருவியையும் அவரே நம் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான் எனக்கு அந்த மனிதர்மேல் இருக்கும் மரியாதைக்குக் காரணம்.

இன்னொன்று. நம் போதகர்கள் மூலத்துக்குப் போவதாக நினைத்து ஆங்கிலத்துக்குப் போகிறார்கள். ஸ்ட்ராங்கின் எண்கள் ஆங்கிலச் சொற்களின் மேல் ஒட்டப்பட்டவை. கையில் இருக்கும் தமிழை யாரும் பார்ப்பதில்லை. யோவான் 21இல் உயிர்த்த இயேசு பேதுருவிடம் மூன்று தரம் கேட்கிறாரே, அந்த இடம். ஆங்கிலத்தில் கேள்வியிலும் பதிலிலும் ஒரே சொல்தான், வித்தியாசம் தெரிய எண் வேண்டும். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த, நம் வீடுகளில் இன்றும் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பில் முதல் இரண்டு தரம் “அன்பாயிருக்கிறாயா” என்று கேள்வி, “நேசிக்கிறேன்” என்று பதில், மூன்றாந்தரம் கேள்வியே “நேசிக்கிறாயா” என்று மாறுகிறது. கிரேக்கத்தில் இருக்கும் மாற்றம் அப்படியே தமிழில் இருக்கிறது, ஸ்ட்ராங்குக்குப் பத்தொன்பது வருஷம் முன்பே. அதே வசனங்களில் ‘மேய்ப்பாயாக’ என்பதற்கும் கிரேக்கத்தில் இரண்டு வினைகள் உண்டு, 1006ம் 4165ம். அதைத் தமிழ் ஒன்றாக்கிவிட்டது. பிரசங்கத்தில் முதல் வித்தியாசத்தைக் கேட்டிருப்பீர்கள், இரண்டாவதைப் பற்றி யாராவது மூச்சுவிட்டதுண்டா? யோவான் ஒரே சொல்லைத் திரும்பத்திரும்பச் சொல்லச் சலித்து மாற்றி மாற்றி எழுதுகிறவர் என்று சொல்லும் அறிஞர்களின் பக்கம்தான் நான்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடமும் உண்டு. சங்கீதம் 136இல் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று இருபத்தாறு தரம் பாடுகிறோம். “கிருபையும் சத்தியமும் இயேசுகிறிஸ்துவின் மூலமாய் உண்டாயின” என்கிறது யோவான் 1:17. நமக்கு இரண்டும் ஒரே கிருபை. ஆங்கிலத்தில் முன்னது ‘மெர்சி’, பின்னது ‘கிரேஸ்’. மூலத்தில் முன்னது எபிரேயம் 2617, ‘ஹெசெத்’, பின்னது கிரேக்கம் 5485, ‘காரிஸ்’. அந்த 2617க்குப் போய்ப் பார்த்தால் விளக்கத்துக்குப் பிறகு ஒரு கோடு, அதற்குப் பின்னால் தயவு, இரக்கம் என்று நீளும் பட்டியலின் கடைசியில் ‘நிந்தை’, ‘பொல்லாத காரியம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களும் நிற்கும். பதறவேண்டாம். கோட்டுக்குப் பின்னால் வருவது அர்த்தங்களின் பட்டியலே கிடையாது. அந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் எங்கெங்கே எப்படி எப்படிப் பெயர்க்கப்பட்டது என்ற கணக்கு அது. நிந்தை நீதிமொழிகள் 14:34இல் வருவது, பொல்லாத காரியம் லேவியராகமம் 20:17இல். இந்தக் கோடு தெரியாமல் அந்தப் பட்டியலிலிருந்து பிடித்ததைப் பொறுக்கி எந்த வசனத்திலும் செருகலாம். செருகுகிறார்கள்.

உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. ஸ்ட்ராங் நம்பிக்கையுள்ள மெதடிஸ்ட்தான், வேதாகமம் தேவவசனம் என்று நம்பியவர்தான். அகராதிக் குறிப்புகளில் அதன் சாயல் இருக்கிறது, மேலே பார்த்தோம். சொல் வரலாற்றில் அவர் காலத்து ஊகங்களும் உண்டு. எபிரேயத்தைப் பொறுத்தவரை 1890க்குப் பிறகு எவ்வளவோ மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் ஒரு சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்ற எண்ணிக்கையில் விசுவாசி, அவிசுவாசி என்ற பேதம் ஏது? பழைய ஆங்கில மொழிபெயர்ப்பே போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவும் இல்லை. அதைத் திருத்தும் அமெரிக்கப் பழைய ஏற்பாட்டுக் குழுவில் அவரும் ஒருவர். திருத்தப்பட்ட பதிப்பில் எந்தச் சொல் மாறியது என்பதையும் தன் கன்கார்டன்ஸில் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். மகளிடம் இதையும் சொல்லுங்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் போட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவைக் கல்லூரி நூலகத்தில் பார்த்திருந்தால் இந்த வகை உழைப்பு அவளுக்கு உடனே விளங்கும்.

புத்தகத்தைக் கட்டாயம் பைண்டிங் செய்யுங்கள். முதுகில் பசையை மட்டும் தடவி ஒட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள், அந்தக் கனத்துக்கு ஒரு வருஷம்கூடத் தாங்காது. பாரம் பாரமாக நூல் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஓரம் வெட்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தாத்தா பென்சிலில் ஏதாவது குறித்திருந்தால் அது ஓரத்தில்தான் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் 3202க்குப் பிறகு பக்கம் தவறிவிட்டது என்று பைண்டரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.