எண்ணை மாற்றினால் அடுத்தவர் அறிக்கை திறக்கிறது: என் மகன் செய்தது குற்றமா?

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். சென்ற மாதம் வீட்டருகே ஒரு லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். முடிவைப் பார்ப்பதற்கான லிங்க் குறுஞ்செய்தியில் வந்தது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன் அந்த லிங்க்கின் கடைசியில் இருந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டிப் பார்த்தான். முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் அறிக்கை திறந்தது. தொடர்ந்து ஐந்தாறு பேருடையதைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நண்பர்கள் இருவருக்கு அனுப்பியும் இருக்கிறான். லேப்புக்கு எழுதி வெகுமதி கேட்பேன், தராவிட்டால் எக்ஸ் தளத்தில் போட்டுவிடுவேன் என்கிறான். பூட்டாத கதவைத் திறந்ததில் என்ன தவறு என்று கேட்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மகன் கண்டுபிடித்தது உண்மையான, கடுமையான குறைபாடு, அதைத் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்ததும் சரியே. ஆனால் வெகுமதி கேட்கும் கடிதத்தை மட்டும் அனுப்பவிடாதீர்கள். ‘தராவிட்டால் வெளியிடுவேன்’ என்று பொருள்படும் ஒரு வரி அதில் இருந்தாலும், மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாகவே அது படிக்கப்படும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவு அதற்கானது.

நடந்தது என்னவென்று பார்ப்போம். லேப் கவுன்டரில் அறிக்கை உறைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ‘213’ என்று சொன்னால், சொன்னவர் யார், ரசீது இருக்கிறதா என்று பார்க்காமலேயே ஊழியர் உறையை எடுத்து நீட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லேப்பின் சர்வர் செய்வதும் இதுவே. கேட்ட எண்ணில் அறிக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. கேட்பவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டா என்று பார்ப்பதில்லை. இணையப் பயன்பாடுகளின் பாதுகாப்புக் குறைபாடுகளை ஓவாஸ்ப் அமைப்பு வரிசைப்படுத்தி 2021-இல் வெளியிட்ட பட்டியலில் இந்த வகைக் குறைபாடுதான் முதலிடத்தில் இருந்தது.

இனி, பூட்டாத கதவு என்ற வாதம். கதவு லேப்புக்குச் சொந்தம். உள்ளே இருப்பது லேப்புக்கு மட்டும் சொந்தமானதல்ல. அந்தப் பெண்மணியின் பெயர், வயது, கைப்பேசி எண், சர்க்கரை அளவு, ஒருவேளை கர்ப்பப் பரிசோதனை அல்லது எச்.ஐ.வி. முடிவு, இவையெல்லாம் அவருடையவை. கதவைப் பூட்டாதது அவர் அல்ல. ஹேக்கிங்கின் நெறி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கண்டுபிடித்தவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பேச்சாகவே முடிந்துவிடுகின்றன. இந்த மூன்றாவது ஆளை இருவருமே மறந்துவிடுகிறார்கள் என்பதே என் நெடுநாள் வருத்தம். எண்ணை ஒருமுறை மாற்றியதை ஐயத்தில் செய்ததாகக் கொள்ளலாம். வேறொருவர் பெயர் திரையில் தெரிந்த அந்த நொடியில் ஐயம் தீர்ந்துவிட்டது. அங்கே நின்றிருக்க வேண்டும். அதன்பின் திறந்த ஒவ்வொன்றும் புதிதாக எதையும் நிரூபிக்கவில்லை. நண்பர்களுக்கு அனுப்பியதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

நிறுவனங்களின் அனுமதியுடன் அவற்றின் கணினிகளில் ஓட்டை தேடுவது என் தொழில். எங்கள் தொழிலில் இந்த எல்லை காகிதத்திலேயே இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தைச் சோதிக்கப் போகிறோம் என்றால், எந்தெந்த முகவரிகள், இரவு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏதாவது முடங்கினால் யாரை அழைப்பது என்றெல்லாம் எழுதிக் கையெழுத்தான பிறகே விசைப்பலகையில் கை வைப்போம். நானும் என் குழுவினரும் ஒருமுறை சோதனையின் நடுவில், பட்டியலில் இருந்த முகவரி ஒன்று வேறொரு நிறுவனத்தின் சர்வர் என்று தெரிந்து, அந்த இரவின் வேலையை அப்படியே நிறுத்தினோம். உள்ளே போகும் வழி கண்முன்னே இருந்தது, அனுமதி இல்லை.

சட்டமும் அனுமதியைத்தான் கேட்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதையும் தரவைப் பிரதி எடுப்பதையும் இழப்பீட்டுக்கு உரியவையாக்குகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் ஆய்வுக்கென்று தனி விலக்கு எதையும் இந்தச் சட்டம் தரவில்லை. கடவுச்சொல்லை உடைக்கவில்லையே என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. அமெரிக்காவில் 2010-இல் இருவர், ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தளத்தில் ஐபேட்களின் சிம் எண்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, சுமார் 1,14,000 மின்னஞ்சல் முகவரிகளைத் திரட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கு 2013-இல் 41 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானது. வழக்கைத் தவறான மாநிலத்தில் நடத்தினார்கள் என்பதே காரணம், செய்தது சரி என்பதல்ல.

இப்போது செய்ய வேண்டியவை. கடிதத்தை மகன் எழுத வேண்டாம், நீங்கள் எழுதுங்கள். உங்கள் அறிக்கையும் அதே சர்வரில் திறந்துதான் கிடக்கிறது, ஆகவே நீங்கள் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர். கேட்கும் உரிமை உங்களுக்குத் தெளிவாக உண்டு. உங்கள் வீட்டில் இன்னொருவர் அதே லேப்பில் பரிசோதித்திருந்தால், அவர் சம்மதத்துடன் அவருடைய எண்ணை மட்டும் சான்றாகக் காட்டுங்கள். குறைபாட்டை நிரூபிக்க அது போதும். லிங்க்கில் எந்த இடத்தில் எண்ணை மாற்றினால் என்ன நடக்கிறது, எந்தத் தேதியில் கண்டீர்கள் என்பதை நாலு வரியில் எழுதுங்கள். வேறு அறிக்கைகள் திறக்கப்பட்டதையும் மறைக்க வேண்டாம். சர்வரின் பதிவேட்டில் அது எப்படியும் இருக்கும். ஆகவே அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டிவிடுவது நல்லது.

ஸ்கிரீன்ஷாட்களை நண்பர்கள் இன்றே அழிக்க வேண்டும், யாருக்கும் மேலே அனுப்பவில்லை என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் லேப்பிடமிருந்தோ காவல்துறையிடமிருந்தோ ஏற்கெனவே நோட்டீஸ் ஏதும் வந்திருந்தால், வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்ததாக அது மாறிவிடும்.

கடிதத்தின் விவரத்தை மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் அனுப்புங்கள். குறைபாடுகளைப் பெற்று உரிய நிறுவனத்துடன் பேசித் தீர்ப்பது அதன் பணிகளில் ஒன்று. சிறிய லேப் ஒன்று உங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடலாம், செர்ட்-இன் கேட்டால் அப்படி இருப்பது கடினம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்திருப்பதையும் கடிதத்தில் பணிவாக நினைவூட்டலாம்.

எக்ஸ் தளத்தில் போடுவது பற்றி: சரிசெய்யப்படும் முன் போட்டால், அந்தப் பெண்மணியின் அறிக்கையை எப்படித் திறப்பது என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழு, தான் கண்டதை வெளியிடும் முன் சரிசெய்துகொள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கு வழக்கமாக 90 நாள் அவகாசம் தருகிறது. ஒரு லேப்பின் இணையதளத்துக்கு அத்தனை நாள் தேவைப்படாது என்பது உண்மைதான். அதற்காக அவசரம் காட்ட வேண்டிய இடம் செர்ட்-இன், பொதுவெளி அல்ல.

வெகுமதி கேட்பதே இழிவு என்று நான் சொல்லவில்லை. நம் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மன் முத்தையா, இன்ஸ்டாகிராம் கணக்குகளைக் கைப்பற்ற வழிவிட்ட ஒரு குறைபாட்டைத் தெரிவித்து 2019-இல் 30,000 டாலர் பெற்றார். அந்த நிறுவனம் தேடிப்பாருங்கள் என்று முன்பே அழைத்து, விதிகளையும் வெளியிட்டிருந்தது. உங்கள் லேப் யாரையும் அழைக்கவில்லை.

உங்கள் மகனுக்கு இந்தத் துறையில் ஆர்வமும் கண்ணும் இருக்கின்றன, அதை அடக்கிவிடாதீர்கள். ஓவாஸ்பின் ஜூஸ் ஷாப் என்ற பயிற்சித் தளத்தைத் தன் மடிக்கணினியிலேயே இலவசமாக நிறுவிக்கொள்ளச் சொல்லுங்கள். பழச்சாறு விற்கும் கடை போன்ற அந்தத் தளத்தில் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். எண்ணை மாற்றினால் இன்னொருவரின் கூடை திறக்கும் ஓட்டையும் அவற்றில் ஒன்று. அதைத் திறந்து பார்த்த பிறகு, எந்தச் சரிபார்ப்பு விடுபட்டதால் திறந்தது என்று மூல நிரலிலேயே அவர் தேடிக் கண்டுபிடிக்கலாம்.