ஞாயிறும் அட்டைப்பெட்டியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஹாங்காங் போயிருந்தேன். ஞாயிறன்று சென்ட்ரல் பகுதியின் நடைபாதைகளில் பிலிப்பினோ பணிப்பெண்கள் அட்டை விரித்து அமர்ந்து, சோறு பகிர்ந்து, ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிழைப்புக்காகத் தங்களை வெளியே அனுப்பிவிட்ட நாட்டின் மீது இவ்வளவு பெருமிதம் எப்படி வரும்? இது வெறும் ஆறுதல்தானா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் நின்ற இடத்துக்குச் சில நிமிட நடையில் டகிலார் தெரு இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தேசிய நாயகரும் எழுத்தாளருமான ஹோசே ரிசால் 1891 இறுதியில் ஹாங்காங் வந்து, சில மாதங்கள் கண் மருத்துவம் பார்த்தது அங்கேதான். பிலிப்பைன்ஸை ஸ்பெயின் ஆண்ட அவர் காலத்தில் ‘பிலிப்பினோ’ என்பது பெரும்பாலும் அத்தீவுகளில் பிறந்த ஸ்பானியர்களையே குறித்தது. மண்ணின் மக்களுக்கு ஆட்சியாளர்கள் வைத்திருந்த பெயர் ‘இந்தியோ’, அதுவும் ஏளனத்தோடு. ஐரோப்பாவுக்குப் படிக்கப்போன ரிசாலும் நண்பர்களும் 1889இல் பாரிஸில் தங்கள் குழுவுக்கு ‘இந்தியோஸ் பிராவோஸ்’, அதாவது வீர இந்தியோக்கள், என்று பெயரிட்டு அந்த ஏச்சையே சூடிக்கொண்டார்கள். ஐரோப்பாவில் இருந்தபடி எழுதியவற்றின் வழியேதான் பிலிப்பினோ என்ற சொல்லையும் தமதாக்கினார்கள். ஆகவே அயலூரில் பிலிப்பினோவாக இருப்பதில் பெருமைப்படுவது அந்த அடையாளத்தின் பிற்கால ஒட்டு அல்ல. அதன் பிறப்பிலேயே இருப்பது.

உங்கள் கேள்வியில் நாடும் அரசும் ஒன்றாகிவிட்டன. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை பிலிப்பைன்ஸ் அரசு 1974இன் தொழிலாளர் சட்டத்தின் வழியே கொள்கையாக்கியது. 1988இல் அந்நாட்டு அதிபர் கொரசோன் அகினோ இதே ஹாங்காங்கில் பணிப்பெண்களை ‘புதிய நாயகர்கள்’ என்று புகழ்ந்தார். அந்தப் பட்டத்தில் நன்றியோடு அந்நியச் செலாவணிக் கணக்கும் இருந்தது என்றே நினைக்கிறேன். 1995 மார்ச்சில் ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியோன் என்ற பிலிப்பினோ பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது, மக்களின் கோபம் சிங்கப்பூரோடு நிற்காமல் அவரைக் காக்கத் தவறியதாகச் சொந்த அரசின் மீதும் பாய்ந்தது. அவ்வாண்டு ஜூனிலேயே புலம்பெயர் தொழிலாளர்களுக்கான சட்டம் பிறந்தது. தம் அரசைத் திட்டிக்கொண்டே தம் மக்களைக் கொண்டாட அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று: நீங்கள் பார்த்தது ஒரே கூட்டமல்ல. இலோகானோ பேசுபவர்கள் ஓரிடம், இலோங்கோ பேசுபவர்கள் வேறிடம் என்று ஊர்வாரியாகவே பலர் அமர்கிறார்கள். கோர்டில்லேரா மலைநாட்டு இகொரொட் பெண்கள் ‘கங்சா’ என்னும் சேகண்டியைத் தட்டி வட்டமாக ஆடுவதும் உண்டு. ஆறு நாளும் ‘வேலைக்காரி’ என்ற ஒற்றைப் பெயருக்குள் அடைபட்டவர், அவர்களில் சிலர் ஊரில் ஆசிரியைகளாக இருந்தவர்கள், ஏழாம் நாள் இன்ன ஊர்க்காரியாகிறார். இதில் ஆறுதலும் இருக்கிறது. அதை ஏன் ‘வெறும்’ என்கிறீர்கள்?

அந்த அட்டைகளையும் கவனித்திருக்கலாம். ஊருக்கு அனுப்பும் ‘பாலிக்பயான்’ பெட்டிக்குக் கப்பல் கட்டணம் பொதுவாக எடைக்கு அல்ல, பெட்டிக்கு. எனவே சோப்பு, பற்பசை, டப்பா இறைச்சி, சாக்லேட் என்று இடுக்கு விடாமல் அடைத்து, புதுச் செருப்புக்குள் காலுறையைச் சுருட்டித் திணித்து, அட்டையின் ஓரமே தெரியாதபடி டேப் சுற்றுவார்கள். முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது 2003 முதல் ஹாங்காங்கில் விதி. பெட்டியை விரித்துப்போட அந்த வீட்டில் இடம் ஏது? அதனால்தான் இந்த வேலையும் நடைபாதைக்கு வருகிறது. நால்வர் பெட்டியின் வாயை அமுக்கிப் பிடிக்க, உரியவர் டேப்பை இழுத்து ஒட்டிவிட்டு, மார்க்கர் பேனாவால் தன் முழுப்பெயரை எழுதுகிறார்.