சொரியாசிஸ்காரரின் சர்க்கரையும் மெடிக்கல் மாத்திரையும்

கேள்வி: வயது 43. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். பல வருடமாக சொரியாசிஸ். முழு உடல் பரிசோதனையில் சி.ஆர்.பி. 6.2, யூரிக் ஆசிட் 7.4, டிரைகிளிசரைடு 258, எச்.டி.எல். 33, வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. இடுப்பு 98 செ.மீ. சி.ஆர்.பி. ஏறினால் அடுத்து மாரடைப்புதான் என்று நெட்டில் போட்டிருக்கிறது. அப்பா 51 வயதில் மாரடைப்பில்தான் போனார். அரிப்பு தாங்காமல் இரண்டு மாதமாக மெடிக்கலில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி தினமும் காலையில் போடுகிறேன். இந்த நோய் மகளுக்கு ஒட்டுமா?

பதில்: அப்பாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் பார்க்க வேண்டிய எண்ணை விட்டுவிட்டு வேறொன்றைப் பார்த்துத் தூக்கம் கெடுகிறீர்கள். சி.ஆர்.பி. என்பது உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்று காட்டும் இரத்த எண். அது சளி பிடித்தாலும் ஏறும், பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும், தொப்பை இருந்தாலும் ஏறும். இத்தனை வருட சொரியாசிஸில் 6 வந்தது எனக்கு ஆச்சரியமே இல்லை. அதை வைத்து யாரும் மாரடைப்புக்கு நாள் குறிக்க முடியாது. தோல் செல்கள் வேகமாக உண்டாகி உதிர்வதால் யூரிக் ஆசிட்டும் கொஞ்சம் கூடும். மூட்டு வீங்கி வலிக்காதவரை அதற்கு மருந்து வேண்டாம். மகளுக்கு ஒட்டாது. தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள்.

சரி, இப்போது மற்ற நான்கு எண்கள். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150க்குக் கீழே, நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 40க்கு மேலே, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே. நான்கிலும் தாண்டிவிட்டீர்கள். இவற்றோடு இரத்த அழுத்தத்தையும் சேர்த்து ஐந்தில் மூன்று தாண்டினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். பி.பி. எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. சொரியாசிஸில் தோலைச் சிவக்க வைக்கும் அதே அழற்சிப் பொருட்களில் சில வயிற்றுக் கொழுப்பிலிருந்தும் சுரந்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. இருதயத்துக்கு ஆபத்து வருவது இந்தக் கூட்டணியால்தான். எடையைக் குறைத்தால் சர்க்கரையோடு தோலும் பலருக்குத் தேறும். கொள்ளு ரசம் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் ஷிப்டுக்கு நடுவில் பேக்கரி டீயும் தேங்காய் பன்னும் தொடர்ந்தால் இடுப்பு குறையாது.

எனக்குக் கோபம் வருவது அந்த மாத்திரையால். சர்க்கரை ஏறிக்கொண்டிருப்பவர் ஸ்டீராய்டு போட்டால் இன்னும் ஏறும். காலையில் போடுகிறீர்கள் அல்லவா, அதன் வேகம் மதியத்துக்கு மேல்தான் தெரியும். வெறும் வயிற்றில் 118 காட்டிய உடம்பு, சாயங்காலம் 200 தாண்டியிருக்கலாம். சீட்டு இல்லாமல் இதைக் கொடுத்தவரும் தப்பு, கேட்டு வாங்கிய நீங்களும் தப்பு.

ஆனால் இதைப் படித்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு மாதம் தினமும் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு உடனே சுரக்காமல் மயக்கம், வாந்தி வரலாம். சொரியாசிஸும் மேலெல்லாம் பரவலாம். உடம்பு முழுக்கச் சிவந்தாலோ, காய்ச்சலோடு சீழ்க்கொப்புளங்கள் கிளம்பினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அளவைப் படிப்படியாகக் குறைப்பது டாக்டர் கையில் நடக்க வேண்டிய வேலை.

அதனால் இந்த வாரமே தோல் டாக்டரையும் பொது மருத்துவரையும் பாருங்கள். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை, பி.பி., இ.சி.ஜி. எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். தறிப் பட்டறையில் நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ வந்தால் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று தெரியாமல் அவரால் குறைக்க முடியாது.