கார் பந்தய வேலைக்கு இங்கிலாந்து வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மோட்டார் ஸ்போர்ட் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ஃபார்முலா ஒன் அணிகளில் வேலை நிலையாக இருக்குமா, எந்த ஊரில் தங்கலாம், குளிருக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். குளிருக்கு ஒன்றும் வாங்காதீர்கள், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அணிகள் இருக்கும் ஊர்கள் பிராக்லி, பான்பரி, சில்வர்ஸ்டோன் எதுவானாலும் பஸ் குறைவு, கார் ஓட்டப் பழகிவிட்டு வாருங்கள். எனக்குப் பேச வேண்டியது அந்த ‘நிலையாக’ என்ற சொல்லைப் பற்றித்தான்.

நான் வந்தது 2007 செப்டம்பரில். அப்பாவுக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் என்ற ஃபார்முலா ஒன் அணியின் காரில் ஏறியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. படிப்பை முடித்து, அணிகளுக்குக் கார்பன் ஃபைபர் பாகம் செய்து தரும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். மூன்றே மாதம். அமெரிக்காவில் பாங்க் திவாலானால் நமக்கென்ன என்று இருந்தேன். 2008 டிசம்பர் 5ஆம் தேதி, ஃபார்முலா ஒன்னை விட்டே விலகுகிறோம் என்று ஹோண்டா அறிவித்தது. அடுத்த ஆண்டு பி.எம்.டபிள்யூவும் டொயோட்டாவும் விலகின. கார் விற்காத வருடத்தில் கம்பெனிக்காரர்கள் கை வைப்பது பந்தயச் செலவில்தான். எங்களுக்கும் ஆர்டர் வற்றியது. கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே போனேன்.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் லீஃபீல்ட் என்றொரு கிராமம். அங்கே ஒரே வளாகத்தில் மூன்று அணிகள் இருந்து மறைந்தன: 2002இல் ஆரோஸ், 2008இல் சூப்பர் அகுரி, 2014இல் கேட்டர்ஹாம். அந்தப் பக்கம் போனால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இப்போது பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் 2021 முதல் ஒவ்வோர் அணியின் ஆண்டுச் செலவுக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது. முதல் ஆண்டு 14.5 கோடி டாலர். பெரிய அணிகளே ஆட்களைக் குறைத்தன, அல்லது வேறு பிரிவுக்கு மாற்றின. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியப் பந்தயங்களுக்கு லாரியில் ஏறும் கருவிகளுக்கெல்லாம் கார்னே என்ற சுங்கக் காகிதம் வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் ஐரோப்பாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம் என்று விரல் விட்டு எண்ணும்போது, சொல்லக் கூடாது, எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஐரோப்பாவுக்குள் போக ஷெங்கன் விசா வாங்க ஆறு மாத பாங்க் ஸ்டேட்மென்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான்.

உங்களுக்கு உண்மையான வில்லன் விசாதான். இங்கே வேலை பார்க்க வாங்கும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆனது. 2025 ஜூலையில் 41,700. படித்து முடித்த புதியவர்களுக்குச் சற்றுக் குறைவு, ஆனாலும் சின்னப் பட்டறைகளுக்கு அதுவே கனம். படிப்பு முடிந்து வேலை தேடக் கிடைக்கும் இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். ஊரில் இருக்கும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். லண்டன் ஐடி நண்பர்களும் சொல்ல மாட்டார்கள். கார் ரேஸ் என்றால் அவர்களுக்கு மெக்கானிக் ஷெட்தான், ஆனால் சில்வர்ஸ்டோன் பந்தய டிக்கெட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். காம்போசிட் (கார்பன் ஃபைபர் போன்ற கலப்புப் பொருள்), டிசைன், சிமுலேஷன் என்று விமானக் கம்பெனிக்கும் உதவுகிற வேலையாகக் கற்றுக்கொள்ளுங்கள். நான் பிழைத்தது அப்படித்தான்.

அப்படி வேலை கிடைப்பதற்கு முன் ஏழு மாதம் மளிகைக் கிடங்கில் இரவு வேலை. 2009 மார்ச் கடைசி ஞாயிறு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய ராத்திரி. ஷிப்ட் முடித்து வந்து, சட்டையில் வெங்காய வாடையோடு, ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஹோண்டா கைவிட்ட அணி, பிரான் என்ற பெயரில், வெள்ளைக் காரோடு மெல்போர்னில் முதல் இரண்டு இடத்தையும் பிடித்தது. ஓட்டியவர்களில் ஜென்சன் பட்டன் முதல், ரூபன்ஸ் பாரிசெல்லோ இரண்டாவது. அந்த அணியிலும் அந்த வசந்தத்தில் ஆட்குறைப்பு நடந்தது. என் அறையில் இருந்த மதுரைப் பையன் எழுந்து வந்து, “வேலையும் போச்சு, இன்னும் இதையே பார்க்கிறீங்களாண்ணே?” என்றான். சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கடைசி லாப் வரை பார்த்தேன்.