பரணில் இருக்கும் கொம்பும் தோலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தாத்தா 1960-களில் அஞ்செட்டி, தளி காடுகளில் வேட்டையாடியவர். பாடம் செய்த காட்டெருமைத் தலை ஒன்று, கடமான் தலை இரண்டு, சிறுத்தைத் தோல் ஒன்று இருக்கின்றன. சமீபத்தில் அப்பா காலமானார். மாடியில் இவற்றுக்கென்றே ஒரு அறை கட்டுகிறோம். எந்தச் சுவரில் மாட்டலாம்? (ஓசூர்)

சுவர் இருக்கட்டும், முதலில் பீரோவைத் திறந்து உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுத்த சான்று அது. தாத்தா அல்லது அப்பா பெயரில் இருந்தால் நல்லது. ஆனாலும் வாரிசாக உங்கள் கைக்கு வந்த 90 நாளுக்குள் நீங்கள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சொத்துப் பட்டாவை மாற்ற ஓடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

சான்றே இல்லையென்றால் அறை கட்டும் வேலையை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள். விடுபட்டவர்களுக்கு 2003-ல் 180 நாள் அவகாசம் தந்தார்கள், அது முடிந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. விற்பது சான்று இருந்தாலும் குற்றம்தான். பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு ஒரு தலையைக் காரில் போட்டு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். வனத்துறைக்குத் தெரியாமல் கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டக் கூடாது. வைத்துக்கொள்ள விருப்பமில்லையென்றால், சான்று உள்ளவர்கள் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அரசிடம் ஒப்படைக்கலாம். பணம் எதுவும் கிடைக்காது.

இப்போது சுவருக்கு வருவோம். மேற்குச் சுவர் வேண்டாம். சித்திரை வெயிலில் அது ராத்திரி வரை சுடும். மழைச்சாரல் படும் வெளிச்சுவரும் வேண்டாம், ஓதம் ஏறும். இரண்டு அறைக்கு நடுவே வரும் உள்சுவர்தான் சரி. காட்டெருமைத் தலை நல்ல கனம். ஹாலோ பிளாக் சுவரில் பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டினால் ஒருநாள் தரையில்தான் கிடக்கும். சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, மரப்பலகையோடு போல்ட் போடச் சொல்லுங்கள்.

ஜன்னல் வெயில் ரோமத்தை வெளுக்கச் செய்யும், அதனால் கனமான திரை அவசியம். எல்.இ.டி. விளக்கைப் பார்க்கும்போது மட்டும் போடுங்கள். விருந்தாளி வந்தால் ஏ.சி., போனால் ஆஃப் என்பதுதான் மிகவும் கெடுதல். ஈரப்பதம் ஏறி இறங்க, காது ஓரத்திலும் மூக்கிலும் தோல் சுருங்கிப் பிளக்கும். மின்விசிறியும் காற்றோட்டமுமே போதும்.

பழைய மான் தலையிலிருந்து முடி கொட்டுகிறது. கீழே மரத்தூள் போல விழுகிறது. துடைத்து நாப்தலின் போடலாமா? (பாலக்கோடு)

வெறும் கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சி வராமலிருக்கத் தோலின் உட்புறம் அர்செனிக் கலந்த சோப்பைத் தடவுவது உலகமெங்கும் வழக்கம். பழைய தலை எதுவானாலும் விஷம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். தலையைப் பொருத்திய மரச்சட்டத்தின் பின்னால் பெயர்ச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து வேட்டைக்காரர்கள் பலர் பாடம் செய்ய மைசூர் வான் இங்கன் பட்டறைக்குத்தான் அனுப்பினார்கள். சீட்டு இருந்தால் கிழிக்காதீர்கள், அதுவும் ஒரு ஆதாரம்.

விழும் தூள், தோலைத் தின்னும் வண்டுப் புழுவின் கழிவாக இருக்கலாம். கூடவே பழுப்பு நிறத்தில், மெல்லிய ரோமத்தோடு புழு உரித்துப் போட்ட காலிச் சட்டைகள் கிடந்தால் சந்தேகமே இல்லை. தலையைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டுக்கொண்டு, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குமாறு வேண்டாம். புழுவைக் கொல்ல மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே இரண்டு வாரம் உறைய வைப்பது நல்ல முறை. அதற்காக ஐஸ்கிரீம் வைக்கும் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்! அருங்காட்சியகத்தில் பாதுகாப்பு வேலை தெரிந்தவர்களைக் கேளுங்கள். நாப்தலின் வாடைதான் மிஞ்சும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதுவும் ஆபத்து.

எருது விடும் விழாக்களில் ஓடிய எங்கள் காளை இறந்துவிட்டது. கொம்பை மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம். வாங்கிய ஷீல்டுகளோடு மாட்ட ஆசை. (வேப்பனப்பள்ளி)

தாராளமாக மாட்டுங்கள். வீட்டு மாட்டுக்கு வன உயிரினச் சட்டம் வராது.

கொம்பு என்பது வெளிக்கூடு, உள்ளே எலும்பு. நடுவில் இருக்கும் திசுதான் நாறும். மண்டையோட்டுத் துண்டோடு தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். சில வாரத்தில் கூடு தளர்ந்து, திருகினால் கழன்று வரும். நாற்றம் தாங்காது, தோட்டத்துக் கோடியில் வையுங்கள். எலும்பைப் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் பலமுறை ஊறவைத்துக் கொழுப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் மஞ்சளாகக் கசியும். வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பிளீச்சிங் பவுடர் எலும்பையே அரித்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் எபாக்சி பசையால் கூட்டைப் பொருத்தி, துளி எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். பொங்கலுக்குப் பூசிய வண்ணம் கொம்பில் இருந்தால் சுரண்ட வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும்.

ஒகேனக்கல் காட்டில் தானாக உதிர்ந்து கிடந்த மான் கொம்பை நண்பர் கொடுத்தார். வேட்டை இல்லையே? (பென்னாகரம்)

உதிர்ந்ததானாலும் அரசுச் சொத்து. வீட்டில் வைத்தாலே வழக்கு. தானாக உதிர்ந்த மயில் தோகைக்கு மட்டும் விலக்கு உண்டு.

பாட்டன் காலத்து நாட்டுத் துப்பாக்கியை அலங்காரமாக மாட்டலாமா? (அரூர்)

பழுது பார்த்துச் சுட முடிந்தால்கூட அது ஆயுதம்தான், உரிமம் வேண்டும். நம் மாவட்டத்தில் இதை வைத்து விளையாடாதீர்கள்.

எங்களிடம் எதுவும் இல்லை. ஆனால் அப்படி ஒரு அறை வேண்டும். ரெசினில் வார்த்த போலித் தலை வாங்கலாமா? (கிருஷ்ணகிரி)

வாங்கலாம், எனக்குப் பிடிக்காது. ஆப்பிரிக்க மான் தலையை ராயக்கோட்டை ரோட்டு வீட்டில் மாட்டி என்ன பயன்? தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் புலிகுத்திக் கற்கள் இருக்கின்றன. புலியோடு மோதிச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். கல்வெட்டு ஆய்வாளர்கள் உதவியோடு, உரிய அனுமதி வாங்கி, ஒன்றுக்கு மைப்படி (கல்மேல் காகிதம் ஒட்டி மை தட்டி எடுக்கும் நகல்) எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். கல்லைப் பெயர்த்து மட்டும் வந்துவிடாதீர்கள். மைப்படி காகிதம், அதனால் அதற்கும் உள்சுவர்தான்.